பெரியப்பாவின் பீரங்கி

பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டைப் பற்றி நாலு பக்கத்துக்கு ஒரு பிரயாணக் கட்டுரை எழுதிக் கொண்டு வர வேண்டும் என்பது ஆசிரியர் எனக்கு இட்ட கட்டளை. "படகு வரட்டும், கொக்கு வரட்டும், வேர் வரட்டும். படத்துக்கு இடம் விட்டு எழுதுங்கள்" என்று சொல்லி, வழிச் செலவுக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து விட்டார். நானும் போனேன். படகிலும் ஏறினேன். கொக்கும் பார்த்தேன். ஆனால் எழுத உட்கார்ந்தபோது பேனா முனையில் வந்து நின்றது கொக்கு அல்ல, பீரங்கி!

கோபித்துக் கொள்ள வேண்டியவர் ஆசிரியர். நீங்கள் தயவு செய்து கோபித்துக் கொள்ளாதீர்கள்.

சிதம்பரத்திலிருந்து பிச்சாவரம் போகிற வழியில் கிள்ளை இருக்கிறது. கிள்ளையில் என் பெரியப்பா வீடு இருக்கிறது. போன மார்கழியில் அங்கேதான் நாலு நாள் தங்கினேன். பெரியப்பாவுக்கு வயது எழுபத்தாறு. பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். இடது காது சுத்தமாகக் கேட்காது. வலது காதும் அவர் இஷ்டப்பட்டால்தான் கேட்கும். ஆகையால் அந்த வீட்டில் எல்லோருமே உரக்கப் பேசிப் பழகி விட்டார்கள். தெருவில் போகிறவர்கள் ஏதோ பாகப் பிரிவினைச் சண்டை என்று எண்ணி ஒரு நிமிஷம் நின்று கேட்டு விட்டுப் போவார்கள். உள்ளே பெரியம்மா, "குழம்புக்கு உப்புப் போதுமா?" என்று கேட்டிருப்பாள், அவ்வளவுதான்.

"பெரியப்பா பட்டாளத்தில் என்ன வேலை பார்த்தார்?" என்று சின்ன வயதில் நாங்கள் கேட்டால், "பிளேன் சுடுற வேலை" என்பாள் பெரியம்மா. "எத்தனை சுட்டார்?" என்று கேட்டால் பெரியப்பா எழுந்து கொல்லைப் பக்கம் போய் விடுவார். ஒரு விமானம்கூடச் சுடவில்லை என்பது எங்கள் குடும்பத்தில் பிரசித்தம். கலியாண வீடுகளில் மாப்பிள்ளை முறைக்காரர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். பெரியப்பாவும் சிரிப்பார். இன்னொரு துன்பமும் அவருக்கு உண்டு. அவர் வேலை செய்த துப்பாக்கியின் பெயர் 'போஃபர்ஸ்'. 1987-ம் வருஷம் சுவீடன் நாட்டு வானொலி அந்த ஊழல் செய்தியை வெளியிட்டதிலிருந்து அந்தப் பெயரை வெளியே சொல்ல வழியில்லாமல் போயிற்று. "ஓகோ, அந்தக் கமிஷன் பீரங்கியா?" என்று டீக்கடையில் கேட்பார்களாம். அது 1986-ல் வாங்கிய 155 மில்லிமீட்டர் பீரங்கி, தரையில் இருந்து தரைக்குச் சுடுவது. இது 40 மில்லிமீட்டர், வானத்தைப் பார்த்துச் சுடுவது. இரண்டுக்கும் கம்பெனி ஒன்று என்பதைத் தவிர ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று விளக்கி விளக்கி அலுத்துப் போய், "பீரங்கிப் படை" என்று மட்டும் சொல்லி நிறுத்திக் கொண்டார்.

நான் போய்ச் சேர்ந்த மறுநாள் மழை பிடித்துக் கொண்டது. கடலூர் மாவட்டத்து மார்கழி மழை விருந்தாளியைப் போல வருவதில்லை, மாமியாரைப் போலத்தான் வரும். பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டு விட்டார்கள். பெரியப்பாவின் பேரன், பதினோராம் வகுப்புப் படிக்கிறவன், கூடத்தில் லாப்டாப்பைத் திறந்து வைத்துக் கொண்டு உட்கார்ந்து விட்டான். 'வார் தண்டர்' என்று ஒரு யுத்த விளையாட்டு. நிஜத்தில் இருந்த டாங்கிகளும் விமானங்களும் கப்பல்களும் அதில் வரும்.

இந்த விளையாட்டுக்காரர்களுடைய பிடிவாதத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். ஒரு ஆணி இடம் மாறினாலும் சண்டைக்கு வந்து விடுவார்களாம். 2021-ல் பிரிட்டிஷ் ராணுவத்தின் 'சாலஞ்சர் 2' டாங்கியின் வடிவம் இதில் தப்பாக இருக்கிறது என்று நிரூபிப்பதற்காக ஒருவர் ராணுவக் கையேட்டின் பக்கங்களையே எடுத்து வெளியிட்டு விட்டார் என்றால் பாருங்கள்! தேச ரகசியம் போனாலும் சரி, ஆணி சரியான இடத்தில் இருக்க வேண்டும்.

பயல் அன்றைக்கு ஆடிக் கொண்டிருந்தது 'டஸ்டர்' என்ற அமெரிக்க வண்டியை. டாங்கியைப் போல உடம்பு. தலையில் இரட்டைக் குழல் துப்பாக்கி. ஊஞ்சலில் உட்கார்ந்து பத்திரிகை படித்துக் கொண்டிருந்த பெரியப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் கொண்டு திரும்பிப் பார்த்தார். பார்த்தபடியே எழுந்து வந்தார். முழங்கால் வலிக்காரர், தரையில் உட்கார மாட்டார், அன்று உட்கார்ந்தார்.

"டேய், அதைக் கொஞ்சம் திருப்பு. முனையைக் காட்டு."

பயல் திருப்பினான். குழலின் முனையில் புனல் மாதிரி விரிந்த ஒரு மூடி.

"இது ஃபிளாஷ் ஹைடர். சரியாத்தான் போட்டிருக்கான். குழலுக்கு அடியிலே சுருள் வில் இருக்கணுமே?"

இருந்தது. பெரியம்மா இடியாப்ப உழக்கைச் சுற்றி ஸ்பிரிங் மாட்டினால் எப்படி இருக்குமோ, அந்த மாதிரி குழலைச் சுற்றித் தடிமனான சுருள். சுடும்போது பின்னுக்கு உதைத்து வருகிற குழலை அதுதான் பழையபடி முன்னே தள்ளுமாம். பெரியப்பா விரலை வைத்துச் சுருள்களை எண்ண ஆரம்பித்து விட்டார்!

"இது எல்-60 குழல்டா! எங்களது ஒத்தைக் குழல், நாலு சக்கர வண்டியிலே இருக்கும். இதிலே ரெட்டையாக் கட்டி வண்டி மேலே ஏத்தியிருக்கான். ஆனா இதேதான்!"

இந்த எல்-60, எல்-70 என்ற எண்களைப் பற்றி எனக்கு ஒரு பாடமே நடந்தது. குழலின் நீளம் அதன் வாயின் அகலத்தைப் போல எத்தனை மடங்கு என்பதாம். பெயரளவில் ஒன்றுக்கு அறுபது மடங்கு, இன்னொன்றுக்கு எழுபது. எல்-60 என்பது 1930-களில் சுவீடனில் பிறந்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் இந்தப் பக்கத்தாரும் வைத்திருந்தார்கள், அந்தப் பக்கத்தாரும் வைத்திருந்தார்கள். எல்-70 அதற்குத் தம்பி. யுத்தம் முடிந்த பிறகு வந்தது. தம்பி இன்னும் உத்தியோகத்தில் இருக்கிறார். 2025 மே மாதம் எல்லையில் பாகிஸ்தான் அனுப்பிய ட்ரோன்களை வீழ்த்திய ஆயுதங்களில் எல்-70-ம் ஒன்று என்று ராணுவம் தெரிவித்தபோது, பெரியப்பா டெலிவிஷனுக்கு முன்னால் எழுந்து நின்று விட்டாராம். பெரியம்மா சொன்னாள். "உங்க பெரியப்பாவுக்கு அன்னிக்கு ரெண்டு காதும் கேட்டுச்சு!"

பயலுக்குப் பெருமை பிடிபடவில்லை. "பார்த்தீங்களா தாத்தா, எல்லாம் அச்சு அசல். குண்டு விநாடிக்கு எவ்வளவு மீட்டர் போகும்கிறதுகூட நிஜக் கணக்குத்தான்" என்றான். இன்னொரு விளையாட்டையும் திறந்து காட்டினான். அதில் கப்பல்கள். 'ஹெர்மிஸ்' என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் வந்து நின்றது. தளத்திலிருந்து விமானங்கள் ஒன்றன் பின் ஒன்றாகக் கிளம்பின.

அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. 1942 ஏப்ரலில் என்ன நடந்தது என்பதை அப்பாயி சொல்லச் சொல்ல வளர்ந்தவள் நான். அப்பாயி என்றால் பெரியப்பாவைப் பெற்றவள், இப்போது இல்லை. அந்த மாதம் ஜப்பான்காரன் வருகிறான் என்று சென்னைப் பட்டணம் காலியாயிற்று அல்லவா? 'இவாகுவேஷன்' என்று அந்தத் தலைமுறை முழுவதும் சொல்லும் வார்த்தை அது. மிருகக் காட்சிச் சாலையில் இருந்த கொடிய மிருகங்கள் தப்பி ஊருக்குள் வந்து விடுமோ என்று பயந்து அவற்றைச் சுட்டுக் கொன்றார்கள். எங்கள் உறவினர் இரண்டு குடும்பம் மூட்டை முடிச்சோடு கிள்ளைக்கு வந்து, இதே கூடத்தில் இரண்டு மாதம் படுத்திருந்ததாம். "அரிசி போதலை, ஆனா சிரிப்புக்குக் குறைச்சல் இல்லை" என்பாள் அப்பாயி. ஏப்ரல் 5-ம் தேதி கொழும்பில் குண்டு விழுந்தது. 6-ம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும். 9-ம் தேதி திரிகோணமலையில். அதே 9-ம் தேதி மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் ஜப்பானிய விமானங்கள் ஒரு கப்பலைச் சூழ்ந்து கொண்டு மூழ்கடித்தன. 307 பேர் இறந்தார்கள். அந்தக் கப்பல்தான் ஹெர்மிஸ்.

விஷயம் என்னவென்றால், அன்று ஹெர்மிஸில் ஒரு விமானம்கூட இல்லை. அதன் விமானங்கள் எல்லாம் கரையில் இருந்தன. விமானந்தாங்கிக் கப்பல், தாங்குவதற்கு விமானம் இல்லாமல், தன் தளத்தில் இருந்த சில விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளை மட்டும் நம்பிக் கடலில் நின்றது. பயலுடைய கப்பலில் விமானங்கள் கூட்டில் இருந்து கிளம்பும் குருவிகளைப் போலக் கிளம்பிக் கொண்டே இருந்தன. கப்பலின் வடிவம் சரி. துப்பாக்கிகள் இருக்கிற இடம்கூடச் சரியாக இருக்கலாம். அந்த ஏப்ரல் 9-ம் தேதி மட்டும் அதில் இல்லை.

இதை நான் சொன்னேன். "அது பேலன்ஸுக்காக, அத்தை. விமானம் இல்லாத கப்பலை யார் எடுத்து ஆடுவா?" என்றான் பயல். நியாயமான பேச்சு. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பெரியப்பா இதைக் காதில் வாங்கினாரோ என்னவோ, இன்னும் டஸ்டரிலேயே இருந்தார். "சரி, சுடு பார்ப்போம்" என்றார்.

பயல் சுட்டான். வானத்தில் ஒரு விமானம் வந்தது. குழல் இரண்டும் படபடவென்று உதைத்தன. நாலைந்து வெடியில் விமானம் தீப்பிடித்து விழுந்தது. "எப்படி?" என்று தாத்தாவைத் திரும்பிப் பார்த்தான்.

பெரியப்பா சிரித்தார். ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு, "இதிலே யாருடா கொத்து எடுத்துக் குடுக்கறது?" என்று கேட்டார்.

அப்போதுதான் அந்தத் துப்பாக்கி வேலை எப்படி நடக்கும் என்பதை முதல் முறையாக விவரமாகச் சொன்னார். இத்தனை வருஷத்தில் நாங்கள் யாருமே கேட்டதில்லை. 'எத்தனை சுட்டீர்கள்' என்றுதான் கேட்டிருக்கிறோம்.

துப்பாக்கிக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர் உட்கார வேண்டும். 'லேயர்' என்று பெயர். ஒருவர் கைச் சக்கரத்தைச் சுற்றிக் குழலை இடமும் வலமும் திருப்புவார். மற்றவர் மேலும் கீழும் ஆட்டுவார். இரண்டு பேரும் ஒரே விமானத்தைத்தான் பார்க்கிறார்களா என்பதே முதல் சந்தேகம்! பின்னால் மேடையில் 'லோடர்' நிற்பார். ரவைகள் நாலு நாலாக ஒரு கொத்தில் இருக்கும். கொத்து ஒன்று ஏறக்குறைய ஒன்பது கிலோ. ஒரு வயதுக் குழந்தையின் கனம். தாய்மார்களுக்குத் தெரியும், ஒரு வயதுக் குழந்தையைத் தூக்கித் தலைக்கு மேலே வைப்பது என்றால் என்னவென்று. துப்பாக்கி நிமிஷத்துக்கு 120 ரவை சுடும். விநாடிக்கு இரண்டு. ஆகவே ஒரு குழந்தை, மன்னிக்கவும், ஒரு கொத்து இரண்டு விநாடியில் தீர்ந்து போகும். அடுத்த கொத்து வந்தாக வேண்டும். அதற்கடுத்ததும் வந்தாக வேண்டும். கீழே பள்ளத்தில் இருந்து எடுத்து எடுத்து நீட்ட இரண்டு மூன்று பேர். எல்லாருக்கும் மேலே ஒரு ஹவில்தார், தொண்டை கிழியக் கத்திக் கொண்டு.

"நான் கீழே நின்னு நீட்டறவன். பிளேனைப் பார்க்கவே முடியாது. குனிஞ்ச தலை நிமிராம எடுத்து எடுத்துக் குடுக்கணும். பொண்ணு பார்க்க வந்தப்ப உங்க பெரியம்மா உட்கார்ந்திருந்தா பாரு, அது மாதிரி."

"ஆமா, ரொம்பக் கண்டாரு!" என்று அடுக்களையில் இருந்து பெரியம்மாவின் குரல் வந்தது. இறாலை வதக்கிக் கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக் கொண்டுதான் இருந்தாள்.

பட்டாளத்தில் ஹவில்தார் 'ஜஹாஸ்!' என்று கத்துவாராம். இந்தியில் ஜஹாஸ் என்றால் கப்பலும்தான், விமானமும்தான். கிள்ளையில் இருந்து போன பையனுக்குக் கப்பல் என்றுதான் தெரியும். பஞ்சாபில் கோதுமை வயலுக்கு நடுவே நின்று கொண்டு, "கப்பல் எங்கே வருது?" என்று நாலு பக்கமும் தேடி, முதல் நாளே தண்டனை ஓட்டம் ஓடினாராம்.

பயல் விடவில்லை. "ஆனா தாத்தா, நாலு ரவை சுட்டா ஒண்ணாவது படாதா?"

"படாதுடா."

ஏன் படாது என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். குண்டு விநாடிக்குச் சுமார் 850 மீட்டர் வேகத்தில் கிளம்பும்; போகப் போகத் தளரும். இரண்டு கிலோமீட்டர் போக மூன்று விநாடிக்கு மேல் ஆகும். விமானம் விநாடிக்கு 200 மீட்டர் பறக்கிறது என்று வைத்துக் கொண்டால், அதற்குள் அறுநூறு மீட்டருக்கு மேல் நகர்ந்து விடும். ஆகவே விமானத்தைப் பார்த்துச் சுட்டால் பிரயோசனமில்லை. விமானம் வரப் போகிற இடத்தைப் பார்த்துச் சுட வேண்டும். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் துண்டு போட்டு இடம் பிடிக்கிறவர்களுக்கு இது எளிதில் புரியும். பஸ் ஓடிக் கொண்டிருக்கும். எந்த ஜன்னல் எங்கே வந்து நிற்கும் என்று பார்த்துத் துண்டைப் போட வேண்டும். ஆனால் பஸ் மேலும் கீழும் குட்டிக்கரணம் போடுவதில்லை. பஸ் நம் மேல் குண்டு போடுவதும் இல்லை. விளையாட்டில் சில முறைகளில் எங்கே சுட வேண்டும் என்று ஒரு புள்ளியையே வைத்துக் காட்டி விடுகிறார்கள். அந்தப் புள்ளிக்குத்தான் நிஜ யுத்தத்தில் பெரிய பெரிய விஞ்ஞானிகள் மண்டையை உடைத்துக் கொண்டார்கள்.

இதைப் பற்றி நான் சென்னைக்குத் திரும்பியதும் தேடிப் படித்தேன். பிளாக்கெட் என்று ஒரு பௌதிக விஞ்ஞானி. 1948-ல் நோபல் பரிசு பெற்றவர். நேருவின் அழைப்பில் நம் தேசத்துக்கும் வந்து ராணுவ விஷயங்களில் யோசனை சொன்னவர். 1940-ல் லண்டனில் ஜெர்மன் விமானங்கள் குண்டு மாரி பொழிந்த காலத்தில் அவர் எடுத்த கணக்கின்படி, ஒரு விமானத்தை வீழ்த்த ஆரம்பத்தில் ஏறக்குறைய 20,000 குண்டுகள் செலவாயின. ராடாரையும் கணக்குப் பொறிகளையும் சீர்படுத்தி, மறுவருஷம் கோடைக்குள் அதை 4,000-க்குக் கொண்டு வந்தார்கள். அதுவே பெரிய வெற்றி! மற்ற 3,999 குண்டும் வீண்தானா என்றால், அதுவும் இல்லை. கீழே இருந்து நெருப்பு வந்து கொண்டிருந்தால் விமானி தாழ இறங்கத் தயங்குவான். குறி தப்பும். குண்டு வயலில் விழும். விமான நிலையத்தில் விழாது. 'எத்தனை சுட்டீர்கள்?' என்று கேட்டுச் சிரித்த எங்கள் மாப்பிள்ளைமார் ஒருவருக்காவது இது தெரியுமா? எனக்கே தெரியாதே!

ஆனால் அன்று கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது இந்த 20,000 எனக்குத் தெரியாது. பயல்தான் தாத்தாவோடு வாதாடிக் கொண்டிருந்தான்.

"ஆள் இல்லைன்னு சொல்லாதீங்க தாத்தா. இதிலேயும் ஆளுங்க உண்டு. இந்த மூலையிலே பாருங்க."

திரையின் மூலையில் சின்னச் சின்ன மனித உருவங்கள் வரிசையாக இருந்தன. வண்டி ஓட்டுகிறவர், குறி பார்க்கிறவர், ரவை போடுகிறவர். அடிபட்டால் உருவம் மஞ்சளாகும், பிறகு சிவப்பாகும். கறுத்துப் போனால் ஆள் காலி.

"காலின்னா?"

"செத்துட்டார்னு அர்த்தம். ஆனா அதனாலே ஆட்டம் நிக்காது. கொஞ்ச விநாடியிலே இன்னொரு ஆள் அந்த இடத்துக்கு வந்துடுவாரு. அதுவரைக்கும் சுட முடியாது."

பெரியப்பா பேசவில்லை. திரையையே பார்த்தார். மழை ஓட்டில் கொட்டிக் கொண்டிருந்தது. அவருக்கு அது கேட்டிருக்காது.

"இது சரியாத்தான் போட்டிருக்கான்" என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். சுருள் வில்லை எண்ணியபோது இருந்த முகம் இல்லை.

"கொஞ்ச விநாடிதான் ஆகும். ஹவில்தார் என்னைத்தான் கையைக் காட்டினார். நான் மேடை மேலே ஏறினேன். ஏறும்போது அவனைத் தாண்டித்தான் ஏறினேன்."

1971 டிசம்பர் 3-ம் தேதி சாயங்காலம் பாகிஸ்தான் விமானங்கள் நம்முடைய மேற்கெல்லை விமான நிலையங்கள் பலவற்றின் மேல் ஒரே நேரத்தில் பாய்ந்தன. யுத்தம் அப்படித்தான் மூண்டது. பெரியப்பாவின் துப்பாக்கி பஞ்சாபில் ஒரு விமான நிலையத்தின் ஓரத்தில் நின்றிருந்தது. இரண்டு நாள் கழித்து வந்த ஒரு தாக்குதலில் பக்கத்தில் விழுந்த குண்டின் சில்லு லோடருக்குப் பட்டது. அவனும் தமிழன்தான். திருநெல்வேலிப் பக்கத்து ஆள். ஆகையால் 'திருநெல்வேலி' என்றே கூப்பிடுவார்களாம். பெரியப்பாவை விட ஒரு வயது சின்னவன். இந்தி தெரியாத கிள்ளைக்காரனுக்கு ஜஹாஸ் என்றால் என்னவென்று சொல்லிக் கொடுத்தவன் அவன்தான். அவன் விழுந்ததும் கீழே நின்ற பெரியப்பா மேலே ஏறினார். பெரியப்பாவின் இடத்துக்கு வேறொருவர் வந்தார். துப்பாக்கி அரை நிமிஷம்கூட நிற்கவில்லை. அன்றைக்கு மேடையில் குழலுக்குப் பக்கத்தில் நின்று கொத்துக் கொத்தாகப் போட்டதில்தான் இடது காது போயிற்று. விமானம் விழவில்லை. திரும்பிப் போய் விட்டது.

"அவன் ரவை போடறப்போ பாட்டுப் பாடுவான்" என்றார் பெரியப்பா. "சத்தத்திலே ஒண்ணும் கேட்காது. வாய் மட்டும் அசையும். என்ன பாட்டுன்னு கேட்கணும்னு இருந்தேன்."

பயல் லாப்டாப்பை மூடி விட்டான். யாரும் மூடச் சொல்லவில்லை.

அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்று போயிருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன். பெரியம்மா நிலைப்படியில் நின்று கொண்டிருந்தாள். முந்தானையில் கையைத் துடைத்தபடி, "அந்தப் பையனோட அம்மாவா அது?" என்று கேட்டாள்.

பெரியப்பா திடுக்கிட்டு நிமிர்ந்தார். பெரியம்மா ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னாள். ஊர்ப் பெயரையும் சொன்னாள். திருநெல்வேலி ஜில்லாவில் ஏதோ ஒரு கிராமம்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிற்பாடு, இரவில் பாய் விரித்துப் படுத்த பிறகு, பெரியம்மாவே சொன்னாள். அவர்களுக்குக் கலியாணமானது 1974-ல். அந்த வருஷமே, பெரியப்பாவின் சட்டைப் பையில் ஒரு மணியார்டர் ரசீது இருந்ததைத் துணி துவைக்கும்போது பார்த்தாளாம். டிசம்பர் மாதம், யாரோ ஒரு பெண்ணின் பெயருக்கு. மறு டிசம்பரிலும் ஒன்று. அதற்கு மறு டிசம்பரிலும். பெரியப்பா எங்கே மாற்றலாகிப் போனாலும் ரசீது மட்டும் தவறவில்லை. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு ஒரு தடவை பணம் திரும்பி வந்தது. அதன் பிறகு நின்று விட்டது.

"நீங்கள் கேட்கவே இல்லையா பெரியம்மா?"

"என்னான்னு கேட்கிறது? இருக்குன்னு சொல்லிட்டா நான் எங்கே போறது? ரெண்டு பிள்ளையை வச்சுக்கிட்டு."

அவ்வளவுதான் சொன்னாள். அந்த ரசீதுகளில் முதல் ரசீது எங்கே இருக்கிறது என்பதையும் சொன்னாள். அவளுடைய கலியாணப் பெட்டியில், கூறைப் புடவைக்கு அடியில். ஐம்பத்தொரு வருஷமாக!

நான் கிள்ளையில் இருந்த மற்ற இரண்டு நாளும் பெரியம்மா பெரியப்பாவோடு சரியாகப் பேசவில்லை. நிம்மதியாக அழுது தீர்த்து, அவர் காலைத் தொட்டு, எல்லாம் சுபம் என்று முடித்திருந்தால் நம்முடைய தொடர்கதைப் பக்கத்துக்கு நன்றாக இருந்திருக்கும். பெரியம்மா அந்த வகை இல்லை. காப்பி டம்ளரை 'ணங்'கென்று வைத்தாள். "நாலு பேருக்குத் தெரியணும்னு இல்லை; எனக்குச் சொல்லியிருக்கலாம் இல்லே?" என்று என்னைப் பார்த்து அவருக்குக் கேட்கும்படி சொன்னாள். அவர் கேட்காத காதைக் காட்டிக் கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாம் நாள் மத்தியானம் மட்டும், இறால் தொக்கைப் பரிமாறும்போது, "அந்தம்மாவுக்கு வேற பிள்ளைங்க இருந்தாங்களா?" என்று கேட்டாள். "ஒரு பொண்ணு" என்றார் அவர். இன்னொரு கரண்டி போட்டு விட்டுப் போனாள்.

பயல் மறுபடியும் விளையாடத்தான் செய்கிறான். பதினாறு வயதுப் பிள்ளை விளையாடாமல் என்ன செய்வான்? ஒரு வித்தியாசம், திரை மூலையில் ஒரு பொம்மை கறுத்துப் போனால் தாத்தாவைத் திரும்பிப் பார்க்கிறான். இதைக்கூட நான் பெரிதாகச் சொல்லவில்லை. இரண்டு நாளில் மறந்து விடுவான்.

நாலாம் நாள் காலையில் கிள்ளை ரயில் நிலையத்துக்குப் பெரியப்பாவே என்னை வழியனுப்ப வந்தார். மழை விட்டிருந்தது. பாசஞ்சர் வண்டி எங்கே நின்று கிடந்ததோ, வருகிற வழியாக இல்லை. வலது காது என் பக்கம் இருக்கும்படி பெஞ்சியில் உட்கார்ந்தார்.

"பெரியப்பா, நான் இதைப் பத்திரிகையில் எழுதலாமா?" என்று கேட்டேன். இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது.

தண்டவாளத்தைப் பார்த்துக் கொண்டே ரொம்ப நேரம் யோசித்தார். தூரத்தில் வண்டியின் ஊதல் கேட்டது. எனக்குத்தான் கேட்டது.

"எழுது. அவன் பேரைப் போட வேண்டாம், அந்தப் பொண்ணு எங்கே இருக்கோ என்னவோ. எங்க துப்பாக்கியை மட்டும் எல்-60-ன்னு சரியா எழுது. எல்-70-ன்னு போட்டுடாதே."